மெட்டு வாழ்கிறது, பெயர் எங்கே?



இனிய பாடலொன்றைக் கேட்டதும், "இதற்கு இசை அமைத்தவர் யார்?" என்று வினவுவது மனித இயல்பு. உண்ட உணவு சுவையாக இருந்தால் சமைத்த கையைப் பாராட்டுகிறோம். கண்ட ஓவியம் அழகாக இருந்தால் தீட்டியவரைத் தேடுகிறோம். இவ்வினா வெறும் ஆவலால் எழுவதன்று, நன்றியால் எழுவது. ஆனால் உலகெங்கும் எண்ணற்ற மக்கள் கேட்டு மகிழ்ந்த ஒருவகை இசையைப் பொறுத்தவரை, இந்த எளிய வினாவுக்குப் பல ஆண்டுகள் விடை கிடைக்காமலே இருந்தது. அதுதான் வீடியோ விளையாட்டுகளின் இசை.

"வீடியோ விளையாட்டா? படிக்கும் பெண்களுக்கு அதைப் பற்றிக் கட்டுரை எதற்கு?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். விளையாட்டில் நேரத்தை வீணாக்குவது சரியா, தவறா என்பது வேறு வழக்கு. அதை இங்கே நாம் எடுத்துக்கொள்ளவில்லை. நாம் பேச விழைவது உழைப்பையும் பெயரையும் பற்றி. அந்த இசையை விரும்பிக் கேட்கும் ஆர்வலர்கள், ஓர் இசைத்தட்டு வெளியானவுடன், "இந்த மூன்றாம் துண்டை அமைத்தவர் யார்? ஏழாம் துண்டு யாருடையது? உறையில் ஏன் ஒரே பெயர் இருக்கிறது?" என்று ஓயாது விவாதிக்கிறார்கள். வேலையற்றவர்களின் பேச்சு என்று பலர் இதனைத் தள்ளிவிடுகிறார்கள். அவ்விவாதம் வீண் பேச்சன்று, அது நீதிக்கான ஒரு பணி என்பதே நமது துணிபு.

முதலில், அந்த இசை எத்தகையது என்று பார்ப்போம். 1983ஆம் ஆண்டு ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் "ஃபாமிகாம்" என்னும் விளையாட்டுப் பொறியை வெளியிட்டது. அதில் மெட்டிசைக்க மூன்றே குரல்கள். தாளத்துக்கு ஓர் இரைச்சல் ஒலி. பதிவு செய்த சிறு ஒலித் துணுக்குக்கு ஓர் இடம். ஆக ஐந்தே வழிகள். வயலின் இல்லை, வீணை இல்லை, பாடுவோர் இல்லை. இவற்றை மட்டும் கொண்டு, விளையாடுபவர் ஒரே கட்டத்தில் அரைமணி நேரம் தடுமாறினாலும் சலிப்புத் தட்டாத மெட்டு ஒன்றை அமைக்க வேண்டும். ஒற்றைப் பிடி அரிசியில் விருந்து சமைப்பது போன்ற வேலை அது!

அவ்விருந்தைச் சமைத்தவர்களுள் பெண்கள் பலர் இருந்தனர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1982ஆம் ஆண்டு நாம்கோ நிறுவனம் வெளியிட்ட "டிக் டக்" என்னும் விளையாட்டில், மண்ணைத் தோண்டிச் செல்லும் வீரன் நடந்தால் இசை ஒலிக்கும். அவன் நின்றால் இசையும் நின்றுவிடும். இதனை அமைத்தவர் யூரிகோ கேய்னோ என்னும் பெண்மணி. வீரன் நடக்கும் ஓசை ஒன்று வேண்டும் என்பதே அவரிடம் கேட்கப்பட்டது. காலடி ஓசையை இயல்பாக உண்டாக்க இயலாதபோது, அவர் அதற்கு ஈடாக ஒரு மெட்டையே அமைத்துத் தந்தார். குறையையே அணியாக மாற்றிய அறிவு அன்றோ இது! ஆனால் அந்த விளையாட்டின் திரையில் அவர் பெயரைத் தேடினால் காண முடியாது. நிறுவனத்தின் பெயர் மட்டுமே ஒளிரும்.

1984ஆம் ஆண்டு நாம்கோ விளையாட்டுகளின் இசை ஓர் இசைத்தட்டாக வெளிவந்தது. "வீடியோ கேம் மியூசிக்" என்பது அதன் பெயர். விளையாட்டு இசைக்கென்றே வெளிவந்த முதல் இசைத்தட்டு என்று பலரும் போற்றுவது இதனையே. அதனை உருவாக்கி அளித்தவர் ஹருவோமி ஹோசோனோ. அவர் முன்னரே புகழ் பெற்ற இசைக்கலைஞர். காசு போட்டு விளையாடும் கூடங்களின் இரைச்சலில் அமிழ்ந்து கிடந்த ஒலிகளை இசை என்று மதித்து, வீட்டில் அமர்ந்து கேட்கும்படி செய்த பெருமை அவருக்கு உண்டு. ஆயினும், அம்மெட்டுகள் பிறந்த மனங்கள் வேறு. இந்த இடத்தில்தான் ஆர்வலரின் வினா தொடங்குகிறது: தொகுத்தவர் ஒருவர், படைத்தவர் யார்?

இவ்வினாவின் ஆழத்தை உணர ஓர் எடுத்துக்காட்டே போதும். 1986ஆம் ஆண்டு கொனாமி நிறுவனம் "கேசில்வேனியா" என்று இன்று உலகம் அறியும் விளையாட்டை வெளியிட்டது. டிராகுலா கோட்டைக்குள் நுழையும் வீரனைப் பற்றிய அச்சமூட்டும் கதை அது. அதன் இசை இன்றளவும் பல்வேறு வாத்தியக் குழுக்களால் வாசிக்கப்படுகிறது. விளையாட்டின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் இசை அமைத்தவர் யார் என்று பார்த்தால், "ஜேம்ஸ் பனானா" என்று இருக்கும்! பழைய டிராகுலா திரைப்படத்துக்கு இசை அமைத்த ஜேம்ஸ் பெர்னார்டு என்பவரின் பெயரைக் கேலியாகத் திரித்து வைத்த பெயர் இது. அப்பட்டியல் முழுவதுமே இவ்வாறான கேலிப் பெயர்கள்தாம்.

உண்மையில் அந்த இசையை அமைத்தவர்கள் கினுயோ யமாஷிதா, சதோயே தெராஷிமா என்னும் இரு இளம் பெண்கள். யமாஷிதா கல்லூரியில் மின்னணுவியல் பயின்று, 1986ஆம் ஆண்டில்தான் கொனாமியில் சேர்ந்தார். அவர் ஏற்ற முதல் பணியே இதுதான். படிப்பு முடித்து முதல் வேலையில் அமர்ந்த ஒரு பெண், தன் முதல் ஆண்டிலேயே உலகம் பல பத்தாண்டுகள் நினைவில் வைத்திருக்கும் மெட்டுகளைப் படைக்கிறாள். ஆனால் பட்டியலைப் படித்தவர்களோ ஓர் ஆணின் பெயரை, அதுவும் இல்லாத ஓர் ஆணின் பெயரைக் கண்டு சென்றார்கள்! இதனை வெறும் நகைச்சுவை என்று நாம் சிரித்து விட்டுவிடலாமா?

இவ்வாறு பெயரை மறைத்தது ஏன்? காரணம் பெரும்பாலும் அச்சமே. திறமை மிக்கவரின் பெயர் வெளியே தெரிந்தால், போட்டி நிறுவனங்கள் அதிக ஊதியம் காட்டி அவரை அழைத்துக்கொள்ளும் என்று முதலாளிகள் அஞ்சினர். அமெரிக்காவிலும் இதே கதைதான். அட்டாரி நிறுவனம் விளையாட்டுகளை உருவாக்கியவர்களின் பெயரை வெளியிடாத காலத்தில், வாரன் ராபினெட் என்பவர், தாம் உருவாக்கிய "அட்வென்ச்சர்" என்னும் விளையாட்டில், யாரும் எளிதில் காண முடியாத ஓர் அறையை அமைத்து, அதனுள் தம் பெயரை எழுதி வைத்தார். அதே அட்டாரியை விட்டு வெளியேறிய நிரலாளர் நால்வர், 1979ஆம் ஆண்டு "ஆக்டிவிஷன்" என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்து, உருவாக்கியவரின் பெயரை வெளிப்படையாக அச்சிட்டனர். பசிக்கு உணவு போலவே, உழைப்புக்கு உரிய பெயரும் மனிதருக்கு ஒரு தேவை என்பதை இந்நிகழ்ச்சிகள் காட்டவில்லையா?

ஜப்பானின் காப்காம் நிறுவனத்தில் 1987ஆம் ஆண்டு உருவான "ராக்மேன்" என்னும் விளையாட்டை வெளிநாட்டார் "மெகா மேன்" என்று அறிவர். அதற்கு இசை அமைத்தவர் மனாமி மட்சுமாயே என்னும் பெண்மணி. பட்டியலில் அவர் பெயர் "சன்சகோரின் மனாமி" என்று வேடிக்கையாக இடம்பெற்றது. 1988ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டாம் விளையாட்டின் இசையைப் பெரும்பாலும் அமைத்தவர் தகாஷி தாதேயிஷி. அவரோ "ஒகெரெட்சு குன்" என்னும் பெயரில் மறைந்திருந்தார். மட்சுமாயேயின் பங்கும் அதில் உண்டு. இத்தனை முடிச்சுகளையும் அவிழ்த்து, எது யாருடையது என்று தெளிவாக்குவதற்கு ஆர்வலர்களும் ஆய்வாளர்களும் பட்ட பாடு கொஞ்சமன்று. பழைய இசைத்தட்டுகளின் உறைகளைப் படித்தார்கள். ஒரே நிறுவனத்தின் பல விளையாட்டுகளின் பட்டியல்களை ஒப்பிட்டார்கள். இசையமைப்பாளர்களையே தேடிச் சென்று கேட்டார்கள்.

இனி, பெற்றோர் சற்றுச் செவி சாய்க்க வேண்டிய ஒரு வரலாறு. யோகோ ஷிமோமுரா என்பவர் ஒசாகா இசைக் கல்லூரியில் பியானோ பயின்று, 1988ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். பியானோ ஆசிரியை வேலை அவருக்குக் காத்திருந்தது. அவரோ காப்காம் நிறுவனத்துக்கு விண்ணப்பித்து, அங்கே சேர்ந்துவிட்டார். வீட்டாரும் ஆசிரியர்களும் மனம் வருந்தினர். பெரும் பணம் செலவிட்டு இசை பயிற்றுவித்தது விளையாட்டுக்கு ஓசை போடுவதற்கா என்பது அவர்கள் கவலை. இயல்பான கவலைதான்; நம் வீடுகளிலும் கேட்கும் குரல்தான். ஆனால் நடந்தது என்ன? 1991ஆம் ஆண்டு வெளியாகி உலகைக் கவர்ந்த "ஸ்ட்ரீட் ஃபைட்டர் இரண்டு" விளையாட்டின் மெட்டுகளுள் மிகப் பெரும்பாலானவை அவருடையவை. எஞ்சிய சிலவற்றில் இசாவோ அபே என்பவரின் பங்கு உண்டு. பின்னர் 2002ஆம் ஆண்டு வெளியான "கிங்டம் ஹார்ட்ஸ்" விளையாட்டுக்கும் ஷிமோமுரா இசை அமைத்தார். 2021ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் பல நாட்டு வீரர்கள் அணிவகுத்து வந்தபோது, விளையாட்டுகளின் இசையே முழங்கியது. அதில் அவருடைய இசையும் இருந்தது. மகளின் மெட்டுக்கு உலகமே நடைபோட்டது எனலாம்.

ஆனால் 1991ஆம் ஆண்டு வெளிவந்த அந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் இசைத்தட்டு "அல்ஃப் லைலா" என்னும் குழுவின் பெயரைத் தாங்கி வந்தது. காப்காமின் இசைக்குழுவுக்குப் பொதுப் பெயர் அது. கொனாமியின் குழுவுக்கு, சதுர அலைக் கழகம் என்று பொருள்படும் "குகேய்ஹா கிளப்" என்று பெயர். டைட்டோ நிறுவனத்தின் குழுவுக்கு "ஜுன்டாட்டா" என்று பெயர். குழுவாக உழைத்தவர்கள் குழுவின் பெயரைப் போட்டுக்கொள்வதில் தவறென்ன என்று கேட்கலாம். தவறில்லை. விளையாட்டின் இசை ஒருவர் கையால் மட்டும் உருவாவதில்லை. மெட்டை அமைப்பவர் ஒருவர், அதனைப் பொறி புரிந்துகொள்ளும் எண்களாக மாற்றுபவர் மற்றொருவர், இசைத்தட்டுக்காக அதே மெட்டை வேறு வாத்தியங்களுக்கு ஏற்பத் திருத்துபவர் இன்னொருவர், வாசிப்பவர் வேறொருவர். ஒவ்வொருவருக்கும் உரிய இடம் உண்டு. குழுவின் பெயர் வாயிற்படியாக இருக்கட்டும். அதனுள்ளே நுழைந்தால் ஒவ்வொருவர் பெயரும் தெரியட்டும். வாயிற்படியே சுவராகிவிடக் கூடாது என்பதுதான் நாம் கூற விழைவது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டும் உண்டு. 1995ஆம் ஆண்டு வெளிவந்த "கிரோனோ டிரிகர்" விளையாட்டின் இசையைப் பெரும்பாலும் அமைத்தவர் யசுனோரி மிட்சுதா. இடையில் அவர் வயிற்றுப் புண்ணால் நோயுற்றபோது, மூத்தவரான நோபுவோ உவேமட்சு வந்து பத்துத் துண்டுகளை அமைத்து வேலையை நிறைவேற்றினார். நோரிகோ மட்சுவேதா என்னும் பெண்மணி ஒரே ஒரு துண்டில் பங்கேற்றார். மூன்று தட்டுகளில் அறுபத்து நான்கு துண்டுகள் கொண்ட அந்தப் பெருந்தொகுப்பில், ஒரே ஒரு துண்டுக்கு உரியவரும் மறக்கப்படவில்லை. மூத்தவரின் புகழ் இளையவரை விழுங்கவில்லை. பெரும்பங்கு செய்தவர் சிறுபங்கு செய்தவரை மறைக்கவில்லை. இப்படித்தான் இருக்க வேண்டும்!

நிற்க. இவ்விடத்தில் நம் அருட்சகோதரியர் சிலர் உள்ளத்தில் ஒரு வினா எழக்கூடும். "தன் பெயர் விளங்க வேண்டும் என்று எண்ணாமல் பணி செய்வதன்றோ சிறந்தது? பெயருக்காகப் போராடுவது ஆணவம் ஆகாதா?" என்று அவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அடக்கத்தின் பெருமையை நாம் மறுக்கவில்லை. பெயர் சொல்லாமல் பிறர்க்குத் தொண்டாற்றியோர் இவ்வுலகில் பலர்; அவர்களை வணங்குகிறோம். ஆனால் இரண்டு செயல்களை ஒன்றெனக் கொள்ளலாகாது. தன் பெயரைத் தானே மறைத்துக்கொள்வது அடக்கம். பிறர் பெயரைப் பிறர் மறைப்பது பறித்தல். தன் கையில் உள்ளதைத் தானமாகக் கொடுக்கும் உரிமை அதற்கு உடையவருக்கே உண்டு. பக்கத்து வீட்டார் அதனை எடுத்துக் கொடுத்தால் அதற்குத் தானம் என்றா பெயர்? யமாஷிதாவோ மட்சுமாயேயோ தாமே விரும்பித் தம் பெயரை வேண்டாம் என்றிருந்தால், அதனை மதிப்போம். வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பே தராத வழக்கத்தை அடக்கம் என்னும் போர்வையால் மூடலாகாது.

"கூலி கொடுத்தாயிற்றே, பின் பெயர் எதற்கு?" என்று கேட்பாரும் உளர். கூலி ஒரு கடன். பெயர் மற்றொரு கடன். ஒன்றைத் தீர்த்ததால் மற்றது தீர்ந்துவிடாது. இன்றைய வேலையின் ஊதியம் இம்மாதத்தோடு செலவாகிவிடும். பெயரோ அடுத்த வேலைக்கு அழைத்துச் செல்லும் கடிதம். ஒரு நிறுவனத்தை விட்டு விலகி வேறிடத்தில் வேலை தேடும் பெண், "அந்தப் புகழ்பெற்ற இசை என்னுடையது" என்று சொன்னால், அதற்குச் சான்று வேண்டாமா? சான்றாக ஒரு கேலிப் பெயரையா காட்டுவாள்?

மேலும், மறைக்கப்பட்ட பெயர் ஒருவரோடு நின்றுவிடுவதில்லை. பின்னால் வரும் பெண்களின் பாதையையும் அது மறைக்கிறது. "இத்துறையில் பெண்கள் உண்டா?" என்று ஒரு சிறுமி கேட்கும்போது, "ஜேம்ஸ்" என்னும் பெயரைக் கண்டால் அவள் என்ன நினைப்பாள்? கேய்னோ, யமாஷிதா, தெராஷிமா, மட்சுமாயே, ஷிமோமுரா என்று வரிசையாகப் பெயர்களைக் கண்டால் என்ன நினைப்பாள்? 2023ஆம் ஆண்டு கிராமி விருது வழங்கியோர் விளையாட்டு இசைக்கென்றே தனிப் பரிசு ஒன்றை முதன்முறையாக அளித்தபோது, அதனைப் பெற்றவர் ஸ்டெஃபனி எகோனமு என்னும் பெண்மணி. அப்பரிசு வானிலிருந்து விழுந்ததன்று. நாற்பதாண்டுகளாகப் பெண்கள் இட்ட அடித்தளத்தின் மேல் நிற்பது. அடித்தளத்தின் கற்களுக்கும் பெயர் உண்டு.

இந்த இசை நம் உள்ளத்துக்கு அந்நியமானதும் அன்று. 2005ஆம் ஆண்டு வெளியான "சிவிலைசேஷன் நான்கு" விளையாட்டுக்காக கிறிஸ்டோபர் டின் அமைத்த "பாபா யேடு" என்னும் பாடல், நாம் நாள்தோறும் சொல்லும் பரலோக மந்திரத்தின் சுவாகிலி மொழி வடிவமே. 2011ஆம் ஆண்டு அது கிராமி விருது பெற்றது. விளையாட்டுக்காகப் பிறந்த இசை அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. செபத்தையும் பாடும் இசைக்கு, அதனைப் படைத்தவர் பெயரைச் சொல்லும் மரியாதை வேண்டாமா?

பெயர் தேடும் ஆர்வலருக்கும் ஒரு சொல் கூற வேண்டும். நீதி தேடுவோர் உண்மையில் கவனமாக இருத்தல் வேண்டும். 1994ஆம் ஆண்டு செகா நிறுவனம் வெளியிட்ட "சோனிக் மூன்று" விளையாட்டின் இசையில் உலகப் புகழ் பெற்ற மைக்கேல் ஜாக்சனுக்குப் பங்கு உண்டா என்ற பேச்சு ஏறத்தாழ முப்பதாண்டுகள் நடந்தது. அவருக்குப் பங்கு உண்டு என்று அவருடன் பணியாற்றிய பிராட் பக்சர் 2009ஆம் ஆண்டில் கூறினார். 2022ஆம் ஆண்டு அந்த விளையாட்டு மறுபடி வெளிவந்தபோது சில கட்டங்களின் இசை மாற்றப்பட்டிருந்தது. விவாதம் மீண்டும் மூண்டது. உண்மையைத் தேடியது நன்றே. ஆனால் பக்சர் முதலிய கலைஞர்களின் பெயர்கள் அப்பட்டியலில் முன்னரே இருந்தன அல்லவா? மறைந்திருந்த ஒரு பெரிய பெயரைத் தேடியவர்களுள் எத்தனை பேர், கண்ணெதிரே இருந்த அப்பெயர்களை நினைவில் வைத்தனர்? புகழுள்ளவரைத் தேடுவது எளிது. புகழற்றவரைத் தேடுவதே அறம். காதுக்கு அவர் இசை போலப் படுகிறது என்று ஊகத்தால் ஒருவர் தலையில் மாலையைச் சூட்டினால், அது மற்றொருவர் கழுத்திலிருந்து கழற்றிய மாலையாக இருக்கக்கூடும். தெரிந்ததைத் தெரிந்தது என்போம். ஊகத்தை ஊகம் என்போம்.

தோழியரே! இம்மலரில் ஒவ்வொரு கட்டுரைக்கும் கவிதைக்கும் அடியில் எழுதியவரின் பெயரும் வகுப்பும் அச்சிடப்படுகின்றன. அதனைத் தேடிப் பார்க்கும்போது நம் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சியை நாம் அறிவோம். அந்த மகிழ்ச்சி நமக்கு உரியதானால், ஐந்து ஒலிகளைக் கொண்டு உலகை மகிழ்வித்த அந்தப் பெண்களுக்கும் உரியதே. ஆகவே சில சிறு கடமைகளை மேற்கொள்வோம். விளையாட்டோ திரைப்படமோ முடிந்தவுடன் எழுந்துவிடாமல், ஓடும் பெயர்களைப் படிப்போம். கைப்பேசியில் ஒரு மெட்டைக் கேட்டால், அங்கே நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தால், அமைத்தவர் யார் என்று தேடித் தெரிந்துகொள்வோம். ஆண்டு விழாவில் ஓர் இசைக்கு ஆடும்போது, ஆடுவோர் பெயரோடு இசை அமைத்தவரின் பெயரையும் நிகழ்ச்சி நிரலில் சேர்ப்போம். மேடைத் திரையை வரைந்தவள், உடை தைத்தவள், விளக்கேற்றியவள் ஆகியோரையும் விடாமல் சேர்ப்போம். இவற்றுக்குப் பணம் வேண்டாம், மனம் போதும்.

உழைப்பை அனுபவித்துவிட்டு உழைத்தவரை மறப்பது நன்றி கொன்ற செயல். அவரவர் உழைப்பை அவரவர் பெயரால் அழைப்போம். பெயர் தெரியாத இடத்தில் தெரியும் வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.